கை தெரியும் சித்திரங்கள்



இன்றைய உரைக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், ஜப்பான் நாட்டின் பழைய சித்திரப்படங்கள். நம் பிள்ளைகள் 'கார்ட்டூன்' என்று சொல்லுகிறார்களே, அவைதாம். "கார்ட்டூன் சின்னப் பிள்ளைகள் சமாசாரம் ஆயிற்றே, அதற்கு ஓர் உரையா?" என்று பெரியவர்கள் எண்ணக்கூடும். பார்க்கிறவர்கள் பிள்ளைகள் என்பது உண்மைதான். ஆனால் அவற்றைச் செய்தவர்கள் பெரியவர்கள். நாள் முழுதும் மேசையில் குனிந்து, கண் எரிய, விரல் நோக உழைத்தவர்கள். ஆகவே இது உழைப்பைப் பற்றிய உரையுமாகும். உழைப்பை அறிந்த நம் தோட்டத்து மக்களுக்கு இதில் கேட்கத்தக்கது நிறைய உண்டு.

ஜப்பானிலும் வேறு பல நாடுகளிலும், நாற்பது ஐம்பது வயதைக் கடந்தவர்கள் பலர் இன்று ஒரு குறை சொல்லுகிறார்கள். இப்போது வரும் சித்திரப்படங்கள் பளிச்சென்று இருக்கின்றன, நிறம் சிதறுவதில்லை, கோடு நடுங்குவதில்லை. ஆனாலும் சிறுவயதில் பார்த்த படங்களில் இருந்த ஏதோ ஒன்று இவற்றில் இல்லை என்கிறார்கள். அந்தப் பழைய படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறார்கள். படம் எடுத்து முடித்ததும் ஒரு காலத்தில் குப்பைக்குப் போன சித்திரத் தாள்களை, இன்று ஏலத்தில் பெரும் பணம் கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டுகிறார்கள்.

அந்த 'ஏதோ ஒன்று' என்ன? பழையது எல்லாம் இனிக்கும் என்ற மயக்கமா? அல்லது கண்ணால் காணக்கூடிய, கையால் சுட்டிக் காட்டக்கூடிய ஒரு பொருளா? இதைத்தான் இன்று ஆராயப் போகிறோம்.

முதலில், சித்திரம் எப்படி அசைகிறது என்று பார்ப்போம். பள்ளிப் பிள்ளைகள் செய்யும் ஒரு குறும்பு நமக்குத் தெரியும். பயிற்சிப் புத்தகத்தின் ஓரத்தில், பக்கத்துக்குப் பக்கம் சிறிது மாற்றி மாற்றி ஒரு மனிதனை வரைவார்கள். பிறகு பெருவிரலால் பக்கங்களைச் சரசரவென்று விடுவார்கள். அந்த மனிதன் ஓடுவான்! சித்திரப்படத்தின் சூத்திரம் முழுவதும் இந்தக் குறும்புக்குள் அடங்கியிருக்கிறது. திரைப்படச் சுருளில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்துக்கு 1,440. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு புதிய சித்திரம் வேண்டுமென்றால், இருபது நிமிடக் கதைக்கு 28,800 சித்திரங்கள் வரைய வேண்டும்.

அந்தச் சித்திரங்கள் எத்தனை கைகளைத் தாண்டி வந்தன தெரியுமா? தலைமை ஓவியர் ஓர் அசைவின் முக்கிய நிலைகளை மட்டும் பென்சிலால் வரைவார். ஒரு சிறுமி குனிகிறாள், நிமிர்கிறாள் என்றால் அந்த இரண்டு நிலைகளும் அவருடையவை. இடைப்பட்ட நிலைகளை வரைவது இன்னொருவர் வேலை. அவர் விளக்குப் பெட்டியின் கண்ணாடிமேல் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அடியிலிருந்து வரும் வெளிச்சத்தில் முன் கோட்டையும் பின் கோட்டையும் பார்த்து, நடுக்கோட்டை இழுப்பார். பிறகு அந்தக் கோடுகளைக் கண்ணாடிபோல் தெளிவான செல்லுலாய்டுத் தாளுக்கு மாற்றுவார்கள். முதலில் இதையும் பேனாவால் கையாலேயே செய்தார்கள். 1960-களின் பிற்பகுதியில், பென்சில் கோட்டைக் கரித்தாள் கொண்டு தாளில் ஒட்டச் செய்யும் இயந்திரம் வந்தது.

அடுத்து வருவது நிறம் தீட்டும் வேலை. கண்ணாடித் தாளைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகுப் பக்கத்தில் நிறம் தீட்டுவார்கள். அப்போதுதான் முன்பக்கத்துக் கோடு மறையாது. தூரிகைத் தடமும் தெரியாது. சிறுமியின் பாவாடை சிவப்பு என்றால், முதல் தாளில் இருந்த அதே சிவப்பு ஐந்நூறாவது தாளிலும் இருக்க வேண்டும். கொஞ்சம் வெளிறிப் போனாலும் திரையில் பாவாடை மினுக்கிக் காட்டிக் கொடுத்துவிடும்.

இந்த வேலையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் ஒருவர் மிச்சியோ யாசுதா. 1939-இல் பிறந்தவர். 1958-இல் தோயெய் என்ற சித்திரப்பட நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிற்காலத்தில் ஜிப்லி நிறுவனத்தின் படங்களுக்கு எந்த இடத்தில் எந்த நிறம் என்று முடிவு செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. வயலின் பச்சை, மாலை வானத்தின் மங்கல், நனைந்த சட்டையின் கருமை எல்லாம் அவர் கண் வழியே வந்தவை. 2016-இல் காலமானார். உலகம் முழுதும் கோடிக்கணக்கானவர்கள் அவர் தேர்ந்த நிறங்களைக் கண்டு மகிழ்ந்திருக்கிறார்கள். அவர் பெயரை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

பின்னணிக் காட்சிகளைத் தனி ஓவியர்கள் போஸ்டர் வண்ணத்தால் தாளில் தீட்டினார்கள். 1988-இல் வெளிவந்த 'என் அண்டைவீட்டு டோட்டோரோ' என்ற படத்தின் பின்னணிகளுக்குத் தலைமை ஏற்றவர் கசுவோ ஓகா. மழையில் நிற்கும் மரம், ஈரமான மண்பாதை, வேலியோரத்துப் புல் ஆகியவற்றை ஊர்ப்பக்கத்தில் வளர்ந்தவன் கண்ணால் வரைந்திருப்பார். 2007-இல் தோக்கியோ நகரத்துக் கலைக்கூடம் ஒன்றில் அவருடைய பின்னணி ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தபோது, மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

கடைசியில், பின்னணி ஓவியத்தின்மேல் கண்ணாடித் தாள்களை அடுக்கி, மேலே ஒரு கண்ணாடிப் பலகையை அழுத்தி, மேலிருந்து கேமராவால் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார்கள். ஒரு சொடுக்கு, தாளை மாற்று. மறுபடி ஒரு சொடுக்கு, தாளை மாற்று. இப்படித்தான் ஒரு நொடி ஓடி முடிந்தது.

நேயர்களே, இப்போது நம் கேள்விக்கு விடை தெரியத் தொடங்குகிறது. பழைய படங்களின் அந்தத் தோற்றம் எங்கிருந்து வந்தது? பென்சில் கோடு ஒரே தடிமனாக இருக்கவில்லை. அழுத்திய இடத்தில் கறுத்தது, கை ஓய்ந்த இடத்தில் மெலிந்தது. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் மயிரிழை வேறுபாடு இருந்ததால், அசையாமல் நிற்கும் முகமும் மூச்சு விடுவதுபோல் தோன்றியது. கண்ணாடித் தாள் முற்றும் தெளிவானதன்று. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போது அடியில் உள்ள நிறம் சற்றே மங்கும். அந்த மங்கலைக் கணக்கிட்டே நிறத்தைக் கூட்டிக் குறைத்தார்கள். தாளின் விளிம்பு சில வேளைகளில் மெல்லிய நிழலைத் தந்தது. தூசி ஒன்று விழுந்து படத்தில் பதிந்தது. படச்சுருளின் மணல் போன்ற துகளும் சேர்ந்துகொண்டது. இன்று ஏங்குகிறவர்கள் இவற்றுக்குத்தான் ஏங்குகிறார்கள். அந்தக் கால ஓவியர்களைக் கேட்டால் இவற்றில் பாதியைக் குறை என்றே சொல்லியிருப்பார்கள்! அந்தக் குறைகள்தாம் அங்கே ஒரு மனிதக் கை இருந்தது என்பதற்குச் சாட்சி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜப்பானியச் சித்திரப்படத்தின் அழகில் பாதி, வறுமையில் பிறந்த அழகு. 1958-இல் தோயெய் நிறுவனம் 'வெள்ளைப் பாம்பின் கதை' என்ற படத்தை வெளியிட்டது. ஜப்பானின் முதல் முழுநீள வண்ணச் சித்திரப்படம் அது. ஒரு படத்துக்கு நிறையக் காலமும் ஆட்களும் அப்போது கிடைத்தன. பிறகு தொலைக்காட்சி வந்தது. 1963 ஜனவரி 1-ஆம் நாள், ஒசாமு தெசூக்கா என்ற புகழ்பெற்ற ஓவியரின் நிறுவனம் 'இரும்புக்கை ஆத்தோம்' என்ற தொடரைத் தொடங்கியது. மேனாட்டில் 'அஸ்ட்ரோ பாய்' என்று பெயர்பெற்ற தொடர் அது. வாரம் ஒன்று, அரைமணி நேரம். காலம் இல்லை, பணமும் இல்லை. என்ன செய்தார்கள்? ஒரு சித்திரத்தை மூன்று படங்களுக்கு நிறுத்தி, நொடிக்கு எட்டுச் சித்திரங்களோடு சமாளித்தார்கள். பேசும்போது வாய் மட்டும் அசைந்தது. ஒரு முறை வரைந்த ஓட்டத்தைப் பத்திரப்படுத்தி வைத்து, அடுத்தடுத்த வாரங்களில் மீண்டும் எடுத்தாண்டார்கள்.

இருக்கிற கீரையை வைத்துக் குழம்பு வைக்கத் தெரிந்த தாய்மார்களுக்கு இந்தச் சாமர்த்தியம் புரியும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஒசாமு தெசாக்கி என்ற இயக்குநர் இந்தப் பற்றாக்குறையையே கலையாக்கினார். 1970-இல் தொடங்கிய 'நாளைய ஜோ' என்ற குத்துச்சண்டைக் கதை அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. உணர்ச்சி உச்சத்தில் அசைவை நிறுத்திவிட்டு, அந்தக் கணத்தை அழுத்தமான கோடுகளோடு கூடிய தனி ஓவியமாக நிலைநிறுத்துவது அவர் பாணி. அசைவுக்குப் பணம் இல்லாத இடத்தில், அசையாத சித்திரம் மனத்தை அசைத்தது.

1974-இல் 'ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ஹைடி' வந்தது. இசாவோ தக்காஹத்தா இயக்கினார். ஹயாவோ மியாசாக்கி காட்சி அமைப்புகளை வரைந்தார். மொத்தம் 52 வாரங்கள் ஓடியது. அந்தத் தொடரில் அரக்கனும் இல்லை, ஆயுதமும் இல்லை. ஆட்டில் பால் கறப்பது, பாலாடைக் கட்டியை நெருப்பில் வாட்டி ரொட்டியில் தடவுவது, வைக்கோல் படுக்கையில் ஒரு சிறுமி தூங்குவது, இவைதாம் காட்சிகள். ஏழை வீட்டின் அன்றாட வாழ்வை இவ்வளவு பொறுமையாக வரையலாம், அதைப் பார்க்கவும் பிள்ளைகள் வருவார்கள் என்பதை அந்தத் தொடர் மெய்ப்பித்தது.

சரி, அந்தக் கண்ணாடித் தாள் எங்கே போயிற்று? 1990-களின் இறுதியில் கணினி வந்தது. பென்சில் சித்திரத்தைக் கணினிக்குள் படமாக ஏற்றி, திரையிலேயே நிறம் தீட்டத் தொடங்கினார்கள். தாள் வேண்டாம், பெயிண்ட் வேண்டாம், காயும் வரையில் காத்திருக்கவும் வேண்டாம். சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் மாறிவிட்டன. ஒரே ஒரு தொடர் மட்டும் பழைய முறையை நெடுநாள் விடவில்லை. அது 'சசாயே சான்'. 1969-இல் தொடங்கிய அந்தத் தொடர், ஒரு சாதாரணக் கூட்டுக் குடும்பத்தின் கதை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வருவது. அதன் பாட்டைக் கேட்டதும், "ஐயோ, விடிந்தால் திங்கட்கிழமை வேலை" என்று மனம் சோர்வதற்கு அந்த நாட்டில் 'சசாயே சான் நோய்' என்றே விளையாட்டாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்! அந்தத் தொடரும் 2013-இல் முழுதும் கணினிக்கு மாறியது. அத்தோடு ஜப்பானின் தொலைக்காட்சித் தொடர்களில் கண்ணாடித் தாளின் காலம் முடிவடைந்தது.

மிஞ்சிய தாள்களும் நிலைத்து நிற்பவை அல்ல. நாள் செல்லச் செல்ல அந்தத் தாள் இற்று, சுருங்கி, காடி வாடை வீசத் தொடங்குகிறது. பால் உறைய ஊற்றும் ஆசிட்டின் நெடியை அறிந்த நம் பெரியவர்களுக்கு அந்த வாடை புதிதாக இராது.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். "கையால் வரைவது போய்விட்டது" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. போனது கண்ணாடித் தாளும், பெயிண்டும், மேலிருந்து பார்த்த கேமராவும். ஜப்பானியச் சித்திரப்படங்களில் மிகப் பல இன்றும் கையாலேயே வரையப்படுகின்றன. சிலர் தாளில் வரைகிறார்கள், சிலர் மின்பலகையில் வரைகிறார்கள். 2013-இல் வெளிவந்த மியாசாக்கியின் 'காற்று எழுகிறது' என்ற படத்தில், மக்கள் கூட்டம் நகரும் நான்கு நொடிக் காட்சி ஒன்று உண்டு. அதை வரைந்து முடிக்க ஓர் ஓவியருக்கு ஓராண்டும் மூன்று மாதமும் பிடித்தன. நான்கு நொடி! நாம் ஒரு முறை கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் அந்த உழைப்பு திரையில் ஓடி மறைந்துவிடும். அதே மியாசாக்கி எண்பது வயதைத் தாண்டிய பின் 2023-இல் வெளியிட்ட 'சிறுவனும் நாரையும்' என்ற படமும் கையால் வரைந்ததே. 2024-இல் அது ஆஸ்கார் விருது பெற்றது.

ஆகவே, ஏங்குகிறவர்கள் தேடுவது பழமையை அல்ல, கையைத் தேடுகிறார்கள். ஒரு மனிதன் இங்கே உட்கார்ந்திருந்தான், இந்தக் கோட்டை அவன் இழுத்தான் என்று தெரிய வேண்டும். அதுதான் அவர்கள் கேட்பது.

இந்த ஏக்கத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, நேயர்களே. கையின் அழகைப் போற்றுகிறவர்கள், அந்தக் கைக்கு என்ன கூலி கிடைத்தது என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். இடைச்சித்திரம் வரைகிறவர்களுக்குப் பெரும்பாலும் தாள் கணக்கில்தான் கூலி. எத்தனை தாள் முடித்தாயோ அத்தனைக்குக் காசு. கடினமான தாளானாலும் சுலபமான தாளானாலும் விலையில் பெரிய வேற்றுமை இல்லை. கை வலித்துப் படுத்தால் அன்றைக்கு வரும்படி இல்லை. எடைக்கும் மரக் கணக்குக்கும் கூலி வாங்கிப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்து மரம் நனைந்த நாளில் வீட்டில் அடுப்பு எரிந்த கதை நமக்குத் தெரியும்.

அவர்களும் வாய்மூடி இருந்துவிடவில்லை. 1960-களில் தோயெய்யின் ஓவியர்கள் தொழிற்சங்கம் அமைத்துப் போராடினார்கள். 1963-இல் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் மியாசாக்கி, மறு ஆண்டே அந்தச் சங்கத்தின் செயலாளர் ஆனார். தக்காஹத்தா துணைத் தலைவர். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற படங்களை எடுத்த நட்பு, சங்கத்துப் பணியில் உறுதிப்பட்டது. ஆனாலும் நிறுவனங்கள் 1970-களிலிருந்து வேலையை வெளியே கொடுக்கத் தொடங்கின. முதலில் தென்கொரியாவுக்கு, பிறகு பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளுக்கு. நாம் 'ஜப்பான் படம்' என்று பார்த்தவற்றில் கொரியப் பெண்கள் தீட்டிய நிறமும் இருக்கும். குறைந்த கூலியைத் தேடி வேலை கடல் தாண்டும். அல்லது ஆட்கள் கடல் தாண்டுவார்கள். நம் முன்னோர் கப்பலேறி வந்த கதையும் அதுதானே?

பழைய தோட்ட வாழ்க்கையை நினைத்து நாமும் ஏங்குகிறோம். விடியற்காலைப் பெரட்டு, காண்டா வாளி, திடலில் திரை கட்டிக் காட்டிய படம், கோயில் திருவிழா என்று பேசத் தொடங்கினால் பொழுது போவது தெரியாது. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. செம்பனை நின்ற சில இடங்களில் வீடமைப்புத் திட்டம் நிற்கிறது. ஏங்குவது தவறில்லை. ஆனால் லயத்து வீட்டின் ஒழுகிய கூரையையும், எண்ணிக் கொடுத்த கூலியையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அழகை மட்டும் சொன்னால் பாட்டன் பாட்டி சித்திரப் பொம்மைகள் ஆகிவிடுவார்கள். உழைப்பையும் சேர்த்துச் சொன்னால்தான் மனிதர்களாக நிற்பார்கள். ஜப்பானியச் சித்திரத்தைப் பற்றியும் அப்படித்தான் பேச வேண்டும்.

நமக்கு மிக நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லுகிறோம். யுகோ சாக்கோ என்ற ஜப்பானியர் 1983-இல் இந்தியாவுக்குச் சென்றார். இராமாயணத் தொடர்புள்ள இடங்களில் நடந்த அகழாய்வைப் பற்றி ஒரு விவரணப் படம் எடுப்பது அவர் நோக்கம். சென்றவர் இராமாயணக் கதையிலேயே மனத்தைப் பறிகொடுத்தார். அதைச் சித்திரப்படமாக்க வேண்டும் என்று உறுதி கொண்டார். இந்தியாவின் ராம் மோகனும் ஜப்பானின் கோய்ச்சி சசாக்கியும் அவரோடு சேர்ந்து இயக்கினார்கள். ஏறத்தாழ 450 ஓவியர்கள் உழைத்தார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் கண்ணாடித் தாள்கள் செலவாயின. வேட்டியை எப்படிக் கட்டுவது, சேலை எப்படி மடிந்து விழும், பெரியவர்களை எப்படி வணங்குவது என்பவற்றை எல்லாம் இந்தியர்கள் எடுத்துச் சொல்ல, ஜப்பானிய ஓவியர்கள் கற்றுக்கொண்டு வரைந்தார்கள். 'இளவரசர் இராமனின் காவியம்' 1992-இல் நிறைவு பெற்றது.

சாக்கோ 2012-இல் மறைந்தார். முப்பது ஆண்டுக்கு மேல் ஆன அந்தப் படத்தைத் தூசி தட்டிப் புதுப்பித்து, 2025 ஜனவரி 24-ஆம் நாள் இந்தியத் திரையரங்குகளில் வெளியிட்டார்கள். தமிழ்க் குரலோடும் அது வந்தது. சிறுவயதில் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்கள், தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். வேற்று நாட்டுக் கைகள் நம் கதையை அத்தனை மரியாதையோடு வரைந்திருக்கின்றன. கை காட்டும் அக்கறைக்கு மொழியும் நாடும் தடையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வேறொன்றும் நடந்தது. நம் கைப்பேசியில் இருக்கும் ஒரு புகைப்படத்தைக் கொடுத்தால், அதை ஜிப்லி சித்திரம்போல் மாற்றித் தரும் கணினி வசதி உலகமெங்கும் பரவியது. கலியாணப் படம், பிறந்தநாள் படம், பூனைப் படம் எல்லாம் கணப்பொழுதில் சித்திரமாயின. நம் பிள்ளைகளும் செய்து பார்த்திருப்பார்கள். அதில் குற்றம் சொல்ல நாம் வரவில்லை, விளையாட்டு, விளையாட்டுத்தான். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நான்கு நொடிக்கு ஓராண்டு மூன்று மாதம் உழைத்த கையின் சாயலை, உழைப்பே இல்லாமல் அந்த இயந்திரம் எடுத்துக்கொள்ளுகிறது. எத்தனையோ ஓவியர்கள் வரைந்து குவித்ததைக் கற்றுத்தான் அது வரைகிறது. அவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குக் கூலியும் இல்லை. கையின் தோற்றம் மிஞ்சி, கைக்குரியவன் மறைந்துபோனால், அந்த ஏக்கத்துக்கே பொருள் இல்லாமல் போய்விடும்.

நம்மால் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். பெரிய காரியம் எதுவும் வேண்டாம். பிள்ளைகள் சித்திரப்படம் பார்க்கும்போது, வேலை முடிந்த மாலையில் ஒரு நாள் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். பழைய படம் ஒன்றும் புதிய படம் ஒன்றும் பார்க்கச் சொல்லுங்கள். கோடு எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது? எது அசைகிறது, எது அசையாமல் நிற்கிறது? பின்னால் இருக்கும் மரத்தை வரைந்தவர் உண்மை மரத்தைப் பார்த்திருப்பாரா? இப்படிக் கேளுங்கள். படம் முடிந்ததும் கடைசியில் ஓடும் பெயர்களைப் பொறுமையாகப் பாருங்கள். மொழி புரியாவிட்டாலும், "இத்தனை பேரா!" என்று பிள்ளை வியந்தால் அதுவே பாடம்.

பிறகு, எழுதித் தீர்ந்த பயிற்சிப் புத்தகம் ஒன்றையும் ஒரு பென்சிலையும் கொடுங்கள். கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி, மூலையில் சிறிய உருவம் வரையட்டும். 24 பக்கம் போதும். மரத்திலிருந்து ஓர் இலை விழட்டும். மங்கில் ஒரு சொட்டுப் பால் சொட்டட்டும். பாட்டி வெற்றிலை மடிக்கட்டும். எங்கள் பள்ளிகளில் இதைச் செய்யச் சொல்லும்போது, எழுத்தில் பின்தங்கிய பிள்ளைகூட முதலில் முடித்துவிட்டு ஓடிவந்து காட்டுவதை நாங்கள் கண்டிருக்கிறோம். இலை கோணலாக விழுந்தாலும் திருத்தாதீர்கள். "படம் கீறிப் பொழுதைக் கெடுக்கிறாயே" என்று திட்டவும் வேண்டாம். கணக்கும் எழுத்தும் எவ்வளவு முக்கியமோ, கண்ணும் கையும் சேர்ந்து பழகுவதும் அவ்வளவு முக்கியம். ஒரு நொடியை வரைய 24 பக்கம் வேண்டும் என்று கைவலியோடு கண்டுகொண்ட பிள்ளை, பிறர் உழைப்பை ஒருநாளும் மலிவாக எண்ணாது.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பால் வெட்டிய கை, களை பிடுங்கிய கை, குலை அறுத்த கை என்று நம் வீடுகளில் எத்தனையோ கைகள் இருக்கின்றன. கத்தியை எந்தச் சாய்வில் பிடித்தால் பட்டை காயப்படாது என்பது அந்தக் கைகளுக்குத் தெரியும். அதுவும் ஒரு கோடு போடுகிற கலைதான். பேரப்பிள்ளைகளை அருகில் அழைத்து, அந்தக் கோட்டைத் தாளில் வரைந்து காட்டுங்கள். பிள்ளைகள் அதைப் பார்த்து வரையட்டும். யாருடைய கை, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று கீழே எழுதி வைக்கட்டும். கண்ணாடித் தாளில் வரைந்தவர்களின் பெயர்கள் பல மறைந்துபோயின. நம்மவர்களின் பெயராவது நம் வீட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும்.